சட்டம் தந்த சோலோன்

சோலோன் என்ற பெயரை நம்மில் பலர் பள்ளி வரலாற்று நூலில் ஒரே ஒரு வரியில் சந்தித்திருப்போம். கி.மு. 594ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகருக்குச் சட்டம் வகுத்தவர் என்பது அந்த வரி. நானும் அதை நெட்டுருப் போட்டுத் தேர்வில் எழுதினேன். எழுதிய கையோடு மறந்தேன். அறிவியல் மாணவனான என்னை ஆண்டுகள் பல கழித்து மீண்டும் அவரிடம் இழுத்துச் சென்றது ஒரு கிணறு. ஆம், கிணறுதான்!

நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது புளூட்டார்க் எழுதிய சோலோன் வரலாறு கைக்கு வந்தது. புரட்டிய இடத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்கா நாட்டில் வற்றாத ஆறுகள் அரிது. மக்கள் பெரும்பாலும் கிணற்றை நம்பியே வாழ்ந்தனர். பொதுக்கிணறு ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டருக்குள் இருந்தால் அதில்தான் நீர் எடுக்க வேண்டும். அதற்கு மேல் தொலைவானால் சொந்தக் கிணறு தோண்டிக்கொள்ள வேண்டும். 10 பாகம், அதாவது 18 மீட்டர் ஆழம் தோண்டியும் நீர் வரவில்லையா? அப்போது அண்டை வீட்டான் கிணற்றில் நாளொன்றுக்கு இருமுறை, சுமார் 20 லிட்டர் கொள்ளும் ஒரு குடம் நிரப்பிக்கொள்ளலாம். அண்டை வீட்டான் மறுக்க இயலாது.

எத்தனை ஆழம் தோண்டினால் ஒருவன் முயன்றவன் ஆவான், எத்தனை குடம் கொடுத்தால் அயலான் கிணறு வற்றாது என்று கணக்கிட்டு எழுதிய கை அது. மரம் நடுவதற்கும் அவர் அளவு வைத்திருக்கிறார். பக்கத்து நிலத்தின் எல்லையிலிருந்து 5 அடி தள்ளி நட வேண்டும். அத்தியும் ஒலிவமும் ஆனால் 9 அடி. அவற்றின் வேர் நெடுந்தூரம் ஓடி அயலான் பயிரின் உரத்தை உண்ணும் என்பது காரணம். சட்டம் என்றாலே செங்கோலும் சிம்மாசனமும் நினைவுக்கு வந்த எனக்கு இது புதுமையாக இருந்தது. யார் இந்த மனிதர் என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சங்க நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அட்டிக்காவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் ஒரு சிறு மாவட்டம். ஆனால் அக்காலக் கிரேக்கத்தில் ஒவ்வொரு நகரும் ஒரு நாடு; தனக்கெனத் தெய்வம், தனக்கெனப் படை, தனக்கெனச் சட்டம். ஏதென்ஸில் மன்னராட்சி எப்போதோ மறைந்துவிட்டது. ஆண்டுதோறும் ஒன்பது அர்க்கோன்கள் பதவி ஏற்று ஆண்டனர். பதவி என்னவோ மாறிக்கொண்டே இருந்தது. பதவிக்கு வரும் குடும்பங்கள் மாறவில்லை. உயர்குடிப் பிறப்பினர் சிலரே நிலத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கோவிலுக்கும் உரியவராய் இருந்தனர். கி.மு. 621 அளவில் டிராக்கோ என்பவர் சட்டங்களை எழுத்தில் வடித்தார். அவை கொடுமையானவை என்று பெயர் பெற்றவை. எழுதப்பட்ட சட்டம் எழுதப்படாத சட்டத்தினும் மேலானதுதான். ஆனால் பட்டினி கிடப்பவனுக்கு அதனால் என்ன பயன்?

சோலோன் பிறந்தது கி.மு. 630ஐ ஒட்டிய காலம் என்பர். தந்தை எக்செகெஸ்டிடிஸ், பழைய அரச மரபு என்று பெருமை பேசிய குடியினர். பெருமை இருந்த அளவுக்குச் செல்வம் இல்லை. தந்தை வாரி வழங்கியே பொருளைக் கரைத்தார் என்கிறார் புளூட்டார்க். மகன் வாணிகத்தில் இறங்கினார். கப்பலேறிப் பல ஊர் கண்டார். உயர்குடிப் பிறப்பும் நடுத்தர வாழ்வும் வணிகர் பழக்கமும் ஒருங்கே வாய்த்த இந்த மனிதரைத்தான் பின்னாளில் செல்வரும் ஏழையரும் ஒருசேர நம்பினர். அவர் கவிஞரும் ஆவார். ஏதென்ஸ் நகரத்துக் கவிஞர்களில் பாடல் எஞ்சி நிற்கும் முதல்வர் அவரே. தம் அரசியலையும் அவர் செய்யுளிலேயே எழுதிவைத்தார். உரைநடை வளராத காலம்!

அவர் பெயரை ஊர் முதன்முதலில் அறிந்த கதை வேடிக்கையானது. ஏதென்ஸின் துறைமுகத்துக்கு எதிரே, கண்ணுக்குத் தெரியும் தொலைவில், சலாமிஸ் என்ற தீவு இருக்கிறது. அதற்காக ஏதென்ஸ் அண்டை நகரமான மெகாராவோடு நெடுங்காலம் போரிட்டுத் தோற்று அலுத்துவிட்டது. இனி எவனாவது சலாமிஸ் பற்றி வாய் திறந்தால் மரண தண்டனை என்று சட்டமே செய்துவிட்டார்கள். சோலோனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டார் ஊரெங்கும் சொல்லிவைத்தனர். ஒரு நாள் அவர் தலையில் தொப்பி அணிந்து சந்தைவெளிக்கு ஓடிவந்தார். அறிவிப்பாளர் நிற்கும் கல்மேல் ஏறினார். நூறு அடிகள் கொண்ட பாட்டொன்றை முழங்கினார். பைத்தியக்காரன் பாடினால் தண்டிப்பது யார்? கேட்டவர் கொதித்தெழுந்தனர், தடைச்சட்டம் நீங்கியது, போர் மீண்டும் மூண்டது, தீவு கைக்கு வந்தது. பாட்டு எழுதியே போரை மூட்டியவர் என்பதைப் பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கூட்டத்தின் மனத்தை அறிந்தவர் என்பது மட்டும் உறுதி.

இனிக் கடனுக்கு வருவோம். சோலோன் வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

நிலம் சிலர் கையில். உழைப்பு பலர் தலையில். விளைவில் ஆறிலொரு பங்கை உடையவனுக்கு அளந்து கொடுத்த உழவர்க்கு ஆறிலொரு பங்கினர் என்றே பெயர். ஆறில் ஒன்று என்பது நம் பழைய நூல்களில் அரசனுக்குரிய இறை. அங்கே அது அடுத்த வயல்காரனுக்குப் போயிற்று. கட்டுப்பட்ட நிலத்தில் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். விளையாத ஆண்டில் ஏழை கடன் வாங்குவான். ஈடு வைக்க என்ன இருக்கிறது? தன் உடலும், மனைவி மக்களின் உடலும்தான். கடன் தீராவிட்டால் கொடுத்தவன் அவனைப் பிடித்து அடிமையாக்கலாம். உள்ளூரில் வைத்துக்கொள்ளலாம், கடல் கடந்தும் விற்கலாம். இதை ஏதோ 2,600 ஆண்டுப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது 1976இல்தான்.

ஊர் இரண்டாகப் பிளந்து நின்றது. உள்நாட்டுப் போர் வெடிக்கும் நிலை. அப்போதுதான் இரு சாராரும் சோலோனை அர்க்கோனாகவும் நடுவராகவும் ஏற்று, நாட்டையே சீரமைக்கும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தனர். கி.மு. 594. செல்வர் அவரைத் தம்மவர் என்று எண்ணினர். ஏழையர் அவரை நேர்மையாளர் என்று எண்ணினர். இரு சாராரும் ஏமாறப் போவதை அறியவில்லை!

அவர் செய்த முதற்காரியம் கடன்களைத் தள்ளுபடி செய்தது. சுமை உதறல் என்று பொருள்படும் செய்சாக்தியா என்ற பெயர் அதற்கு வழங்கிற்று. எல்லைக்கற்கள் பிடுங்கப்பட்டன. கடனால் அடிமையானோர் விடுதலை பெற்றனர். இனி எவனும் உடலை ஈடுவைத்துக் கடன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று சட்டம் பிறந்தது. அயல்நாட்டில் விற்கப்பட்டவர்கள் சிலரையும் அவர் மீட்டு வரவழைத்தார்.

இந்த மீட்பைப் பற்றி அவரே பாடியிருக்கிறார். நெடுங்காலம் ஊர் ஊராய் அலைந்த அவர்கள் அட்டிக்கா நாட்டுப் பேச்சையே மறந்திருந்தார்கள் என்கிறார். படித்துக்கொண்டிருந்த நான் இந்த இடத்தில் நூலை மூடிவிட்டேன். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய் மொரிஷியசுக்கும் ரியூனியனுக்கும் சென்ற நம்மவரின் வழிவந்தோரில் பலர் தமிழ்ப் பெயர் தாங்கியும் தமிழ் பேச அறியாதவராய் இருக்கிறார்கள். நாமோ படிப்பதற்காக, மனமொப்பி, ஊரை விட்டுத் தொலைவில் வந்திருப்பவர்கள். நம் நிலை வேறு. ஆயினும் இங்கே கடைத்தெருவில் ஒரு தமிழ்ச்சொல் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? கடனுக்கு விற்கப்பட்டவன் இழந்த பொருள்களின் பட்டியலில் மொழியையும் சேர்த்து எழுதத் தோன்றியதே, அந்தச் சட்டமேதைக்கு! அதற்காகவே அவரை நான் விரும்பத் தொடங்கினேன்.

நல்ல காரியத்திலும் நாற்றம் ஒன்று சேர்ந்தது. கடன் தள்ளுபடியாகப் போகிறது என்பதைச் சோலோன் முன்கூட்டியே நண்பர் சிலரிடம் சொல்லிவிட்டார். அவர்கள் உடனே ஓடிப்போய்ப் பெருங்கடன் வாங்கி நிலம் வாங்கிக்கொண்டனர். சட்டம் வந்தது, கடன் போயிற்று, நிலம் அவர்களுக்கே நின்றது. சோலோனும் இதில் கூட்டு என்று ஊர் பேசிற்று. தமக்கு வரவேண்டிய 5 டாலந்து வெள்ளியை, இன்றைய எடையில் 100 கிலோவுக்கு மேல், அவரே முதலில் விட்டுக்கொடுத்த பிறகுதான் அந்தப் பழி நீங்கிற்று என்று புளூட்டார்க் எழுதுகிறார். நண்பர்களை நம்பியது குற்றமா? அதிகாரத்தில் இருப்பவன் நண்பர்களை நம்புவது குற்றம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழையர் நிலத்தைப் பங்கிட்டுத் தருவார் என்று காத்திருந்தனர். அதை அவர் செய்யவில்லை. செல்வர் கடனை இழந்ததற்காகச் சினந்தனர். ஏழையர் நிலம் கிடைக்காததற்காகச் சினந்தனர். இரு படைக்கும் நடுவே கேடயம் பிடித்து நின்றதாகவும், நாய்க்கூட்டத்தின் நடுவே ஓநாய்போலச் சுழன்றதாகவும் அவர் பாடல்கள் பேசுகின்றன.

அடுத்து ஆட்சிமுறையை மாற்றினார். பிறப்பை விட்டு விளைவை அளவாக வைத்தார். ஆண்டுக்கு 500 மெடிம்னோஸ் விளைவுடையோர் முதல் வகுப்பு. ஒரு மெடிம்னோஸ் சுமார் 52 லிட்டர். ஆக 26,000 லிட்டர் தானியம், அல்லது அதற்கீடான எண்ணெயும் திராட்சை மதுவும். 300 அளவு உடையோர் குதிரை வீரர். 200 அளவு உடையோர் ஏர்மாடு உடையோர். அதற்கும் கீழே கூலி உழைப்பாளர். உயர்ந்த பதவிகள் மேல்வகுப்பினர்க்கே. நான்காம் வகுப்பினர்க்குப் பதவி இல்லை. ஆனால் பேரவையில் அமரவும், மக்கள் நீதிமன்றத்தில் நடுவராக இருக்கவும் உரிமை உண்டு. பழைய நான்கு குலங்களிலிருந்தும் நூறு நூறு பேராக 400 பேர் கொண்ட மன்றம் ஒன்றையும் அவர் அமைத்ததாகக் கூறுவர்.

பணக்காரனுக்குப் பதவி, ஏழைக்கு வெறும் இருக்கை. இது என்ன குடியாட்சி என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் பிறப்பை மாற்றிக்கொள்ள எவனாலும் முடியாது. விளைவைக் கூட்ட முடியும். அது சிறு வாயில்தான். இருந்தும் அதற்கு முன் அங்கே இருந்தது சுவர். நீதிமன்ற இருக்கையும் வெறும் இருக்கையாக நிற்கவில்லை. அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து மக்கள் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார் சோலோன். தீங்குற்றவன் எளியவனாய் அஞ்சி நின்றால், அவனுக்காக வேறு எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம் என்றும் விதித்தார். அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூல், உடலை ஈடுவைக்கத் தடை, பிறர்க்காக வழக்கிடும் உரிமை, மேல்முறையீடு ஆகிய மூன்றையுமே சோலோன் செய்தவற்றில் மக்களுக்கு மிக உகந்தவை என்று எடுத்துச் சொல்கிறது. அந்த நூல் வந்த கதையும் சுவையானது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில், கி.பி. 78-79ஆம் ஆண்டுப் பண்ணைக் கணக்கின் மறுபக்கத்தில் அது எழுதப்பட்டிருந்தது, 1891இல்தான் அச்சேறியது. பண்ணைக் கணக்கின் பின்னே சோலோன் ஒளிந்திருந்தது பொருத்தமே.

சிறு சட்டங்கள் பல. ஒலிவ எண்ணெய் தவிர வேறு விளைபொருளை ஏற்றுமதி செய்யக் கூடாது. தந்தை மகனுக்கு ஒரு தொழில் கற்பிக்காவிட்டால், முதுமையில் அந்தத் தந்தையைக் காக்கும் கடமை மகனுக்கு இல்லை. நம் பெற்றோர் கேட்டால் முகம் சுளிக்கும் சட்டம்! குடும்பத்தோடு வந்து குடியேறித் தொழில் செய்யும் அயலூரார்க்குக் குடியுரிமை உண்டு. டிராக்கோவின் சட்டங்களில் கொலை பற்றியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. பேரவையில் பெண்களுக்கு இடமில்லை. அடிமை முறையும் ஒழியவில்லை. ஏதென்ஸ் குடிமகனை அடிமையாக்கும் வழக்கம் மட்டுமே அடைபட்டது. உள்ளூர் ஏழையை அடிமைகொள்ள முடியாமற்போகவே, செல்வர் வெளிநாட்டிலிருந்து மேலும் மேலும் அடிமைகளை விலைக்கு வாங்கினர் என்று வரலாற்றறிஞர் சிலர் கருதுகின்றனர். பிற்காலத்தில் லாவ்ரியோன் வெள்ளிச் சுரங்கங்களில் மடிந்தவர்கள் அப்படி வந்தவர்களே. ஒருவன் விடுதலையின் விலையை இன்னொருவன் கொடுத்தான். அவர்கள் மறந்த மொழிகளைப் பாட அங்கே ஒரு சோலோன் இல்லை.

சட்டங்களை மரச்சட்டங்களில் எழுதிச் சுழலும்படி நிறுத்தினர். நூறு ஆண்டுகள் அவற்றைக் காப்பதாகச் சூளுரை செய்தனர். பத்தே ஆண்டுகள் என்கிறார் ஹெரோடோட்டஸ். மறுநாள் முதல் சோலோன் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினர். இதை நீக்கு என்பான் ஒருவன். அதைச் சேர் என்பான் மற்றொருவன். இதற்கு என்ன பொருள் என்பான் இன்னொருவன். அவரே தனியாட்சி ஏற்று எல்லாவற்றையும் நடத்தட்டும் என்று தூண்டியவரும் உண்டு. அக்காலக் கிரேக்க நகரங்கள் பலவற்றில் அப்படி ஒருவர் ஆட்சியைக் கைப்பற்றி ஆண்டுகொண்டுதான் இருந்தார். சோலோன் மறுத்தார். வலை நிறைய மீன் விழுந்தும் இழுக்கத் தெரியாத பேதை என்று ஊரார் தம்மை எள்ளியதை அவரே பாட்டில் வைத்துச் சிரித்திருக்கிறார். பிறகு பத்தாண்டு விடுப்புக் கேட்டுக் கப்பலேறிவிட்டார்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சினமே மூண்டது. பாதி வேலையில் ஓடிவிட்டாரே! அவர் போன சில ஆண்டுகளுக்குள் கட்சிப் பூசலால் அர்க்கோனையே தேர்ந்தெடுக்க முடியாத ஆண்டு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது. அர்க்கோன் இல்லாத நிலைக்கு அவர்கள் இட்ட பெயரிலிருந்துதான் அனார்க்கி என்ற சொல் பிறந்தது. பின்னர் டமாசியாஸ் என்பவன் ஓராண்டுப் பதவியை விடாமல் இரண்டாண்டுக்கு மேல் பிடித்துக்கொண்டான், வலிந்து இறக்கினார்கள். சோலோன் இருந்திருந்தால் இவையெல்லாம் நேருமா? நேர்ந்திராது, ஆனால் அவர் இருந்த இடத்தில் சட்டம் இருந்திருக்குமா என்பது மற்றொரு கேள்வி. ஐயம் வந்தபோதெல்லாம் அவர் வீட்டு வாசலுக்குப் போகப் பழகியவன் நீதிமன்றத்துக்குப் போகப் பழகுவானா? இரு பக்கமும் மாறி மாறி வாதிட்டுப் பார்த்தேன். இன்றும் என் மனம் ஒரு பக்கம் முழுதாகச் சாயவில்லை. அவர் போனது சரி என்ற பக்கம் தட்டு சற்றுத் தாழ்கிறது, அவ்வளவே.

எகிப்துக்கும் சைப்பிரசுக்கும் அவர் சென்றார். லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் தன் பொற்குவியலைக் காட்டி, உலகிலேயே இன்பமானவன் யார் என்று வினவியதும், மன்னன் பெயரைச் சொல்லாமல், நல்ல மக்களைப் பெற்று ஊருக்காகப் போரில் மாண்ட டெல்லஸ் என்ற எளிய ஏதென்ஸ்காரன் பெயரைச் சோலோன் சொன்னதும் புகழ்பெற்ற கதை. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் கதை நிற்பதில்லை. குரோசஸ் பட்டமேறியது கி.மு. 560 வாக்கில், சோலோன் பயணமோ அதற்கு மிக முந்தியது. புளூட்டார்க்கும் இந்த ஐயத்தை அறிவார். ஆனால் இத்தனை பொருத்தமான கதையை ஆண்டுக் கணக்குக்காகத் தள்ள மனமில்லை என்று சொல்லிவிட்டுக் கதையைச் சொல்கிறார்! ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு வாதத்தை வைத்தால் நம் கதி என்னாகும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

முதுமையில் ஊர் திரும்பியவர் கண்டது மூன்று கட்சிகளை. சமவெளிக் கட்சி, கடற்கரைக் கட்சி, மலைக் கட்சி. மலைக் கட்சித் தலைவன் பெய்சிஸ்ட்ராட்டஸ். சோலோனுக்குத் தாய்வழி உறவினன். இனிய பேச்சினன், ஏழைக்கு இரங்குபவன், போரில் புகழ் பெற்றவன். ஒருநாள் தன் உடலில் தானே காயம் செய்துகொண்டு சந்தைவெளிக்கு வந்து, பகைவர் தாக்கினர் என்றான். மெய்க்காவலர் வேண்டும் என்றான். சோலோன் எழுந்து இது சூழ்ச்சி என்று எச்சரித்தார். கேட்பார் இல்லை. கைத்தடி ஏந்திய காவலர் சிலரைப் பேரவை வழங்கிற்று. கி.மு. 561 அளவில் அந்தக் காவலரோடு அவன் நகரக் கோட்டையாகிய அக்ரோபோலிஸைப் பிடித்துத் தனியாட்சி நிறுவினான். அஞ்சியவர் ஓடினர். கிழவர் தம் படைக்கலங்களை எடுத்து வந்து வீட்டு வாசலில் வைத்தார். தம்மால் இயன்ற அளவு நாட்டுக்கும் சட்டத்துக்கும் உதவியாயிற்று என்று சொல்லி உள்ளே போனார்.

பெய்சிஸ்ட்ராட்டஸ் அவரைத் துன்புறுத்தவில்லை. அவர் சட்டங்களில் பெரும்பாலானவற்றை நீக்கவும் இல்லை. அவற்றைக் காத்தான், தானும் பணிந்தான் என்கிறார்கள். தனியாட்சியை மறுத்தவர் எழுதிய சட்டத்தைத் தனியாட்சிக்காரன் காத்து நின்றான். சில ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ கி.மு. 560இல், சோலோன் மறைந்தார். அவர் சாம்பலைச் சலாமிஸ் தீவெங்கும் தூவினர் என்று ஒரு செய்தி உண்டு. புளூட்டார்க் அதை நம்பவில்லை.

தனியாட்சி கி.மு. 510இல் வீழ்ந்தது. கி.மு. 508இல் கிளெய்ஸ்தெனிஸ் குலங்களைக் கலைத்துப் பத்தாக வகுத்து 500 பேர் மன்றம் அமைத்தபோதும் சோலோன் இட்ட அடித்தளம் நின்றது. பிற்கால வழக்கறிஞர்கள் எந்தச் சட்டத்தை எடுத்துக்காட்டினாலும் சோலோன் சட்டம் என்றே சொல்லும் அளவுக்கு அவர் பெயர் ஓங்கிற்று.

அந்த மரச்சட்டங்கள் என்னவாயின? நூறாண்டுக்கு மேல் கழித்து வாழ்ந்த கிராட்டினஸ் என்ற நகைச்சுவை நாடகக் கவிஞர், ஊரார் அவற்றை எரித்து வாற்கோதுமை வறுக்கிறார்கள் என்று கேலி பேசினார். கேலிதான், எல்லாம் எரிந்துவிடவில்லை. சோலோனுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பின் வந்த புளூட்டார்க், ஏதென்ஸ் நகர மன்றக் கட்டடத்தில் அவற்றின் துண்டுகள் சில தம் காலத்திலும் இருந்தன என்று எழுதியிருக்கிறார்.